பேஸ்மென்ட்டில் குளிர்காலம் கழித்த டயர்கள்

எங்கள் வீட்டில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை ஹீட்டர் ஓடுவது எனக்காகவும் இல்லை, என் மனைவிக்காகவும் இல்லை. நாங்கள் இரண்டு பேரும் ஸ்வெட்டர், சால்வை, கம்பளிக் காலுறை என்று எதையாவது மாட்டிக்கொண்டு சமாளித்துவிடுவோம். நியூ ஜெர்சியின் மான்மவுத் ஜங்ஷனில் இத்தனை வருஷம் குடியிருந்தவர்களுக்கு அது பழகிப்போன சங்கதி. ஹீட்டர் ஓடுவது பேஸ்மென்ட்டில் இருக்கும் நான்கு டயர்களுக்காக.

டயர்கள் எங்கள் மகளுடையவை. அவளுக்கு முப்பத்தைந்து வயது. வடக்கு ஜெர்சியில் ஆற்றங்கரையை ஒட்டிய ஒரு அபார்ட்மென்ட்டில் தனியாக இருக்கிறாள். வாரத்தில் ஐந்து நாள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து காப்பீட்டுக் கணக்குப் பார்க்கிற பெண், கோடை வந்தால் சனிக்கிழமைகளில் தன் சின்ன வெள்ளைக் காரை எடுத்துக்கொண்டு தெற்கு ஜெர்சியில் இருக்கும் பந்தயத் தடத்துக்குப் போய்விடுவாள். போட்டி எல்லாம் இல்லை. சொந்தக் காரைக் கொண்டுபோய், சொல்லிக்கொடுப்பவர்களின் மேற்பார்வையில், வளைவும் நெளிவுமான தடத்தில் வேகமாக ஓட்டிப் பழகும் நாள். 'ட்ராக் டே' என்பார்கள். முதல் மூன்று பேருக்குக் கோப்பை ஏதாவது உண்டா என்று என் மனைவி ஒருமுறை கேட்டாள். கிடையாது என்றாள் மகள். அப்புறம் எதற்கு இந்தப் பாடு என்றாள் இவள். "நீ தினமும் சுடோகு போடறியேம்மா, யாரு உனக்கு ப்ரைஸ் குடுக்கறா?" அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

தடத்தில் ஓட்ட ஊருக்குள் ஓட்டும் டயர் போதாது. அதற்கென்று தனி ரப்பர் இருக்கிறது. நகத்தால் அழுத்தினால் தடம் பதியும் அளவுக்கு மென்மை. சூடேறினால் சாலையைப் பிசின் மாதிரி பற்றிக்கொள்ளும். அதே ரப்பர் உறைபனியில் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். இதை மகள் எனக்கு விளக்க ஆரம்பித்தபோது நான் குறுக்கிட்டு, ரப்பரின் மூலக்கூறுகள் குளிரில் எப்படி இறுகுகின்றன என்று அவளுக்கே கொஞ்ச நேரம் பாடம் நடத்தினேன். நான் வேதிப் பொறியியல் படித்தவன். முப்பது வருஷத்துக்கு மேல் இந்த நாட்டின் ஆலைகளில் அந்தப் படிப்பை வைத்துத்தான் சம்பாதித்தேன். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பின்னால் வரப்போவதை நான் தெரியாமல் செய்தேன் என்று யாரும் எனக்காக வாதாட வேண்டாம்.

அபார்ட்மென்ட்டில் டயர் வைக்க இடம் இல்லை. அதனால் நவம்பரில் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவருவாள். சக்கரத்தோடு சேர்ந்த நான்கு டயர்கள். வெறும் தண்ணீரில் கழுவி, துணியால் துடைத்து, நிழலில் காய வைப்பாள். பளபளப்புக்கு அடிக்கும் ஸ்ப்ரே எதுவும் கூடாது. பிறகு ஒவ்வொன்றையும் பெரிய கறுப்புப் பிளாஸ்டிக் பையில் போட்டு, வாக்யூம் கிளீனரால் உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி, வாயை டேப்பால் ஒட்டி, பேஸ்மென்ட்டில் மரப்பலகை மேல் படுக்க வைப்பாள். பக்கத்தில் மோட்டார் ஓடும் எதுவும் இருக்கக்கூடாது. மோட்டாரிலிருந்து வரும் ஓசோன் ரப்பரை அரித்துவிடுமாம். அங்கே இருந்ததோ என் மனைவியின் ஃப்ரீசர். அந்தத் தெருவுக்கே போதுமான தேங்காய்த் துருவலும் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் அதில்தான் இருக்கும்.

"என் ஃப்ரீசர் என்ன பண்ணுச்சு உன் டயர?" என்று கேட்டாலும், தாயும் மகளுமாகச் சேர்ந்து அதை எதிர்ச் சுவருக்குத் தள்ளினார்கள். எனக்குத் தோள் வலி. நான் மேற்பார்வை பார்த்தேன்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விதி உண்டு. தப்பித்தவறி டயர் உறைந்துவிட்டால் அதைத் தொடவே கூடாது. சூடான அறையில் ஒரு முழு நாள் அப்படியே கிடக்கட்டும். உறைந்த நிலையில் உருட்டினால், தட்டினால், கீழே போட்டால் ரப்பர் விரிசல் விட்டுவிடும். விரிசல் விட்ட டயரோடு மணிக்கு நூறு மைலுக்கு மேல் வளைவில் திரும்பினால் என்ன ஆகும் என்று அவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

இந்த ஏற்பாட்டில் எங்களுக்கு ஒரு லாபம் இருந்தது. டயரை வைக்க வருகிறவள் சனி, ஞாயிறு தங்கிவிட்டுத்தான் போவாள். ஏப்ரலில் எடுக்க வரும்போதும் அப்படியே. மகன் டெக்சாஸில், காப்பெல்லில் இருக்கிறான். வருஷத்துக்கு ஒருமுறை குடும்பத்தோடு விமானம் ஏறி வந்து போவான். ஆக, எங்கள் வீட்டில் பிள்ளை நடமாட்டம் என்பது பெரும்பாலும் அந்த நான்கு கறுப்புப் பைகளின் புண்ணியம்.

இனி நான் செய்த காரியத்துக்கு வருகிறேன்.

எங்கள் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் பண்டிகைகளை முறை வைத்துக் கொண்டாடுவோம். போன வருஷத்துக்கு முந்தின தீபாவளி வேறொருவர் வீட்டில். கையில் தட்டோடு வரிசையில் நிற்கும்போது, என் வயதுக்காரர் ஒருவர், நல்ல மனிதர்தான், எல்லோருக்கும் கேட்கும்படி என்னிடம் கேட்டார். "உங்க பொண்ணு இன்னும் கார் ரேஸ்லதான் இருக்காளா சார்? எங்க வீட்டுப் புள்ளைங்க எல்லாம் கொழந்தைய டேகேர்ல விடறதுக்குத்தான் ஓட்டுதுங்க. உங்க வீட்டு ஸ்பீடே வேற." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மற்றவர்களைவிட உரக்கவே சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

அதற்கடுத்த பொங்கல் எங்கள் வீட்டு முறை. பேஸ்மென்ட்டில்தான் கூட்டம். காலையில் கீழே இறங்கி நாற்காலிகளை விரித்துப் போட்டுவிட்டு நிமிர்ந்தால், மூலையில் நான்கு கறுப்பு மூட்டைகள். அவர் கேட்கப்போகும் கேள்வி எனக்கு அப்போதே காதில் விழுந்துவிட்டது. மனைவியிடம் சொன்னேன். "ஒரு ஜமக்காளத்த எடுத்து மேல போடுங்க. யாரு போய்த் தூக்கிப் பாக்கப் போறாங்க?" என்றாள் அவள். அது போதுமானதுதான். ஆனால் எனக்குப் போதவில்லை. தோள் வலி என்று ஃப்ரீசரை நகர்த்தாதவன், ஒவ்வொரு டயராக ஒவ்வொரு படியாக மேலே ஏற்றி கராஜில் கொண்டுபோய் வைத்தேன். எங்கள் கராஜில் ஹீட்டர் கிடையாது.

ஒரு சாயங்காலத்துக்கு மட்டும் என்று நினைத்துத்தான் வைத்தேன். பொங்கல் நன்றாகவே நடந்தது. குழந்தைகள் பாடினார்கள். பெரியவர்கள் மைக்கைப் பிடுங்கிக்கொண்டு அதைவிட நேரம் பாடினார்கள். அந்த நண்பர் வந்தார், சர்க்கரைப் பொங்கலை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார், என் மகளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாள் தோள் உண்மையிலேயே வலித்தது. நாளைக்குப் பார்ப்போம் என்று விட்டேன். அந்த நாளைக்கு அடுத்த நாளும் அதையே சொன்னேன். இதற்கிடையில் வடக்கேயிருந்து கடுங்குளிர் இறங்கி, கராஜில் இருந்த தண்ணீர்ப் புட்டிகள் எல்லாம் கட்டியாகிவிட்டன.

சனிக்கிழமை காலை மகள் ஃபோன் செய்தாள். பொங்கலுக்கு வர முடியவில்லை, மிச்சம் ஏதாவது இருந்தால் சாப்பிட வருகிறேன், கிளம்பிவிட்டேன் என்றாள். நான் கராஜுக்கு ஓடினேன்.

என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். அவற்றைத் தொடாமல் விட்டு, வந்தவளிடம் நடந்ததைச் சொல்லியிருக்க வேண்டும். அவள் கோபித்துக்கொள்வாள், அவளே பக்குவமாக எடுத்து உள்ளே வைப்பாள், விஷயம் அன்றைக்கே முடிந்திருக்கும். நான் ஒவ்வொன்றாக உருட்டிக்கொண்டு வந்து, பேஸ்மென்ட் படிகளில் பிடித்துப் பிடித்து இறக்கினேன். மூன்று ஒழுங்காக இறங்கின. நான்காவது கையை விட்டு நழுவி, படிப்படியாகக் குதித்துப் போய், கீழே இருக்கும் இரும்புத் தூணில் மோதி விழுந்தது. ரப்பர் மோதுகிற சத்தமாக அது இல்லை. மரக்கட்டை மோதுகிற சத்தம்.

டேப்பைப் பிரித்து டார்ச் அடித்துப் பார்த்தேன். மாட்டினால் காரின் உள்பக்கம் போகும் பக்கச் சுவரில் விரல் நீளத்துக்கு ஒரு மெல்லிய கோடு. அச்சில் வார்க்கும்போதே விழுந்த கோடாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மற்ற மூன்றில் அப்படி ஒரு கோடு இருக்கிறதா என்று பிரித்துப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் எனக்குச் சொல்லிக்கொள்ள எதுவும் மிஞ்சியிருக்காது. பையில் காற்றை மறுபடி உறிஞ்சி மூடி, பழைய இடத்தில் பழைய மாதிரியே அடுக்கினேன்.

அவள் வந்தாள், பொங்கல் சாப்பிட்டாள், கீழே போய்ப் பைகளை லேசாகத் தட்டிப் பார்த்துவிட்டு மேலே வந்தாள். இந்தக் குளிரில் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று கேட்டாள். ஜம்மென்று இருக்கிறது என்றேன்.

"தேங்க்ஸ்ப்பா. என் ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் ஸ்டோரேஜுக்கு அலையறாங்க. எனக்கு அந்தக் கவலையே இல்ல."

அதற்கப்புறம் ஏப்ரல் வரை நிறைய நாள் இருந்தது. நான் நன்றாகத் தூங்கினேன். அதையும் சொல்லிவிட வேண்டும். பகலில்தான் அவ்வப்போது ஞாபகம் வரும். வந்தால் டிவியின் சத்தத்தைக் கூட்டிக்கொள்வேன்.

ஏப்ரலில் டயர்களை எடுக்க வந்தபோது, நானும் உன்னோடு ட்ராக்குக்கு வருகிறேன் என்றேன். இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூட நான் போனதில்லை. அவளுக்கு ஆச்சரியம், சந்தோஷம். வழியில் சொல்லிவிடலாம் என்பது என் திட்டம். விடியும் முன்பே கிளம்பினோம். பின்சீட்டை மடித்து நான்கு டயர்கள், என் மடியில் இட்லி டப்பா. ஒன்றரை மணி நேரப் பயணம். அவள் வழி முழுக்கப் பேசிக்கொண்டே வந்தாள். போன வருஷம் வரை பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து சொல்லித்தருவார், இன்றைக்குத்தான் முதல்முறையாகத் தனியாக ஓட்ட விடுகிறார்கள் என்றாள். எந்த வளைவில் எங்கே பிரேக் போட வேண்டும் என்று காற்றில் கையால் வரைந்து காட்டினாள். இவ்வளவு தமிழ் அவள் ஒரே மூச்சில் பேசி நான் கேட்டதே இல்லை. அடுத்த எக்ஸிட்டில் சொல்லலாம், அடுத்ததில் சொல்லலாம் என்று எண்ணிக்கொண்டே இருந்தேன். எக்ஸிட்டுகள் தீர்ந்துவிட்டன.

அங்கே போய் ஊர் டயர்களைக் கழற்றி இவற்றை மாட்டினாள். கோடு விழுந்த டயர் பின்னால், ட்ரைவர் பக்கம் போனதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஓட்டுவதற்கு முன் ஒவ்வொரு காரையும் ஒருவர் பரிசோதிப்பார் என்று சொல்லியிருந்தாள். எனக்கு உயிர் வந்தது. அவர் கண்டுபிடித்துவிடுவார், நான் வாயைத் திறக்கவே வேண்டாம். கையில் டார்ச்சோடு ஒருவர் வந்தார். சக்கரங்களை ஆட்டிப் பார்த்தார், பிரேக்கைப் பார்த்தார், டயரின் மேற்புறத்தைக் கையால் தடவினார். உள்பக்கச் சுவர் அவர் நின்ற இடத்திலிருந்து தெரியாது. கண்ணாடியில் ஒரு ஸ்டிக்கரை ஒட்டிவிட்டு, எனக்கு ஒரு குட்மார்னிங்கும் சொல்லிவிட்டு அடுத்த காருக்குப் போனார்.

அந்த விரிசலுக்கும் என் மகளுக்கும் நடுவில் இனி என்னைத் தவிர யாரும் இல்லை.

கார்கள் தடத்துக்குள் நுழைய வரிசையில் நின்றன. அவள் ஹெல்மெட் போட்டு, கையுறை மாட்டி உட்கார்ந்திருந்தாள். நான் தடுப்பைத் தாண்டி நடந்தேன். ஆரஞ்சு நிற மேலங்கி போட்ட ஒருவன் சார், சார் என்று பின்னாலேயே ஓடிவந்தான். ஜன்னலுக்குள் குனிந்து சொன்னேன். எஞ்சின் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றினாள்.

"டயர்ல விரிசல் இருக்கும்மா. பின்னாடி, ட்ரைவர் பக்கம். உள்ளார."

ஒரு நொடி என் முகத்தையே பார்த்தாள். பிறகு கையைக் காட்டி அனுமதி வாங்கி, வரிசையிலிருந்து காரை வெளியே எடுத்தாள். ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தைக் கழற்றி, தரையில் உட்கார்ந்து ஃபோன் வெளிச்சத்தில் பார்த்தாள். கட்டைவிரலால் லேசாக வளைத்தாள். கோடு வாயைத் திறந்தது. கூடவே, நான் பார்க்காத இன்னொன்றும் பக்கத்தில் இருந்தது.

எப்போது நடந்தது என்று கேட்டாள். சொன்னேன். அன்றைக்கு நான் வந்தபோதே தெரியுமா என்றாள். தெரியும் என்றேன். இன்ஸ்பெக்ஷனில் பக்கத்தில் நின்றீர்களே என்றாள். அவர் கண்டுபிடித்துவிடுவார் என்று நினைத்தேன் என்றேன். எதற்குக் கராஜில் வைத்தீர்கள் என்பதுதான் அடுத்த கேள்வி. மற்ற எதற்கும் பதில் சொல்ல நான் இவ்வளவு கஷ்டப்படவில்லை.

"தீபாவளிக்கு ஒரு அங்கிள் உன் ரேஸப் பத்திக் கேட்டாரு. எல்லாரும் வர்ற நேரத்துல டயரப் பாத்தா மறுபடியும் கேப்பாங்கன்னு..."

"அப்பா, அந்த அங்கிள் ஆன்ட்டி எல்லாருக்கும் தெரியும். நான் வீடியோ போஸ்ட் பண்றேன்ல, தே ஆல் வாட்ச். அந்த அங்கிள் எல்லாத்துக்கும் ஹார்ட் போடறாரு."

அவளுக்குச் சிரிப்பு வந்ததா, அழுகை வந்ததா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. எழுந்து மற்ற மூன்று சக்கரங்களையும் கழற்ற ஆரம்பித்தாள். நட்டுகளை வாங்கி வாங்கி என் கையில் வைத்துக்கொண்டேன். ஊர் டயர்களையே திரும்ப மாட்டி, மெதுவாக ஓட்டுகிறவர்களின் குழுவுக்குப் போய்ச் சொல்லி, மத்தியானம் அதில் ஓட்டினாள்.

அன்றைக்குத்தான் என் மகள் ஓட்டுவதை நான் பார்த்தேன். வெறி பிடித்த மாதிரி ஓட்டுவாள் என்று மனசுக்குள் ஒரு படம் வைத்திருந்தேன். ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில் பிரேக், அதே இடத்தில் திருப்பம், ஒரு உதறல் இல்லை. அங்கே ஒரு வழக்கம் உண்டு. முன்னால் போகிறவர் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி இந்தப் பக்கமாகப் போ என்று காட்டினால்தான் பின்னால் வருகிறவர் முந்தலாம். சாதாரண டயரில் ஓடிய என் மகள் அன்றைக்கு எல்லோருக்கும் கையை நீட்டிக்கொண்டே இருந்தாள். எல்லோரும் அவளை முந்திக்கொண்டு போனார்கள். தனியாக ஓட்டும் முதல் நாளுக்காக அவள் ஒரு குளிர்காலம் முழுக்கக் காத்திருந்தது இதற்காக இல்லை. கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதைவிட என்ன தண்டனை வேண்டும் எனக்கு.

திரும்பி வரும்போது இட்லி சாப்பிட்டோம். பாதி வழியில் கேட்டாள். "அந்த ஆளு கண்டுபிடிச்சிருந்தா, நீங்க என்கிட்ட சொல்லியிருப்பீங்களா?"

மாட்டேன் என்றேன். அவள் தலையை ஆட்டினாள். அப்புறம் ரேடியோவைப் போட்டாள்.

கோடை முழுக்க அவள் பேச்சில் ஒரு அளவு இருந்தது. என் மனைவியோடு பேசுவாள், அப்பாவுக்கு எப்படி இருக்கிறது என்று விசாரிப்பாள், ஃபோனை என்னிடம் கொடுக்கும் நேரம் வந்தால் அவளுக்கு ஏதாவது மீட்டிங் வந்துவிடும். இந்த நவம்பரில் டயரை வேறெங்காவது கொண்டுபோய் வைப்பாள், இனி இரண்டு நாள் தங்கல் எல்லாம் கிடையாது என்று நான் முடிவுகட்டிவிட்டேன். மனைவியிடம் சொன்னேன். "அனுபவிங்க," என்றாள்.

வந்தாள். புது டயர்கள் நான்கு. என்னைத் தூக்க விடவில்லை. கழுவி, காய வைத்து, பையில் போட்டு, காற்றை உறிஞ்சி, பலகை மேல் படுக்க வைத்துவிட்டு, சுவரில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு வெள்ளைச் சாதனத்தை ஒட்டினாள். அது பேஸ்மென்ட்டின் வெப்பநிலையை அவள் ஃபோனுக்கு அனுப்புமாம். ஐம்பத்தைந்து டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே இறங்கினால் அவள் ஃபோன் கத்துமாம். உறைநிலைக்கு ரொம்ப மேலேயே எச்சரிக்கை வைத்திருந்தாள். இது எதற்கு, நான்தான் இருக்கிறேனே என்று கேட்கும் தைரியம் எனக்கு இல்லை. அவளே சொன்னாள். குரலில் கோபம் இல்லை.

"உங்களக் கேட்டா நல்லா இருக்குன்னுதான் சொல்வீங்க. அதான்."

நியாயம்தான். அந்த வாரம் முழுக்க அந்த வெள்ளைப் பெட்டியைக் கடந்து போகும்போதெல்லாம் நான் கொஞ்சம் ஒதுங்கியே போனேன்.

டிசம்பரில் ஒரு நாள் என் மனைவி ஃப்ரீசரில் ஏதோ வைக்கப் போனவள், பேஸ்மென்ட்டின் கொல்லைப்பக்கக் கதவைச் சரியாகச் சாத்தாமல் வந்துவிட்டாள். என் ஃபோன் அடித்தது. மகள். என்ன ஆச்சு, ஏன் கீழே குளிராகிறது என்றாள். போய்ப் பார்த்துக் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னேன். சரி என்றாள். அதோடு வைத்துவிடவில்லை. தோள் எப்படி இருக்கிறது, டாக்டரிடம் போனீர்களா, பனி தள்ளுவதற்கு யாரை வைத்திருக்கிறீர்கள் என்று அரை மணி நேரம் பேசினாள். ஏப்ரலுக்குப் பிறகு என்னோடு அவள் அவ்வளவு நேரம் பேசியது அதுதான் முதல்முறை.

ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை, ஸ்வெட்டரும் குல்லாயும் போட்டுக்கொண்டு கீழே போய், அந்தக் கதவை நானே திறந்து வைத்தேன். டயருக்கு ஒன்றும் ஆகாது என்று அளந்துதான் செய்தேன். அந்த அளவுக்குப் படித்திருக்கிறேன். கையில் ஃபோனை வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் அடித்தது. இதுவும் தப்புதான். ஒரு பொய்யிலிருந்து தப்பித்து இன்னொரு பொய்யில் உட்கார்ந்திருக்கிறேன் என்று தெரியாமல் இல்லை. இருந்தாலும் அந்த மாதத்தில் இன்னும் சில தடவை திறந்தேன்.

போன வாரமும் திறந்தேன். ஃபோன் அடித்தது. நான் ஹலோ சொல்வதற்குள் அவள் பேசிவிட்டாள்.

"கதவ மூடுங்கப்பா. மூடிட்டு வந்து பேசுங்க."

போய் மூடினேன். திரும்பி வந்து படியில் உட்கார்ந்தேன். அவள் எதையும் கேட்கவில்லை. ஆபீஸில் புதிதாக வந்திருக்கும் மேனேஜரைப் பற்றி, விட்ட இடத்திலிருந்து தொடர்கிற மாதிரி சொல்ல ஆரம்பித்தாள்.